நத்தார்: வழிபாடா, பொதுவிழாவா? மலையகத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

2016 டிசம்பரில் கொழும்பு காலிமுகத்திடலில் 72.1 மீற்றர் உயரத்தில் ஒரு செயற்கை நத்தார் (கிறிஸ்மஸ்) மரம் எழுப்பப்பட்டது. உலகின் மிக உயரமான செயற்கை நத்தார் மரம் என்று கின்னஸ் ஏட்டிலும் இடம்பெற்றது. முன்னின்று கட்டியவர் அப்போது துறைமுக அமைச்சராக இருந்த அர்ஜுன ரணதுங்க. இன, மத நல்லிணக்கத்தை வளர்ப்பதே நோக்கம் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். எதிர்ப்பு வந்த திசைதான் யாரும் எதிர்பாராதது. கொழும்புப் பேராயர் கர்தினால் மெல்கம் ரஞ்சித் இதைப் பண விரயம் என்றார். அந்தப் பணத்தைக் கொண்டு ஏழைகளுக்கு உதவலாமே என்றார். வேலை சில நாட்கள் நின்றே போனது. அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க கர்தினாலைச் சந்தித்து, மரம் நன்கொடையில்தான் எழுகிறது என்று விளக்கிய பிறகே மீண்டும் தொடங்கியது.

பௌத்தரான அமைச்சர் நத்தாரைப் பெரிதாக்க முனைகிறார். கத்தோலிக்கத் தலைவர் அடக்கிக் கொண்டாடச் சொல்கிறார். நத்தார் சமய விழாவாக இருக்க வேண்டுமா, மதச்சார்பற்ற விழாவாக இருக்க வேண்டுமா என்று டிசம்பர்தோறும் கிளம்பும் விவாதத்தில் யார் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று நாம் நினைத்திருக்கிறோமோ, அது இங்கே தலைகீழாக நடந்தது. அந்த விவாதத்தில் உலவும் வாதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவையோ இங்கிலாந்தையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே தூக்கிவந்து, இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைநாடான மலையகத்தின் அட்டனிலோ பண்டாரவளையிலோ வைத்தால் பொருந்துவதில்லை. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மதச்சார்பற்ற நத்தார்: மூன்று வேறு கோரிக்கைகள்

1. அரசு ஒதுங்கி நிற்பது. விழாவைக் கிறிஸ்தவர்கள் தங்கள் விருப்பப்படி கொண்டாடட்டும். அரச அலுவலகமும் அரச பணமும் அதற்குள் வர வேண்டாம் என்பது. இது சட்டம் பற்றிய கோரிக்கை.

2. வழிபாட்டை நீக்கிவிட்டுக் கொண்டாடுவது. மரம், மின்விளக்கு, கேக், பரிசு, நத்தார் தாத்தா எல்லாம் இருக்கும். இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் பாலன் குடிலும் திருப்பலியும் இருக்காது. இது விழாவின் உள்ளடக்கம் பற்றியது.

3. எல்லாச் சமயத்தாரும் கலந்துகொள்வது. குடிலும் செபமும் இருந்த இடத்தில் இருக்கும். அயலவர்களும் வருவார்கள், உண்பார்கள், பாடுவார்கள்.

மேற்கு நாடுகளில் சண்டை முதல் இரண்டைப் பற்றியது. இலங்கையில் "நத்தார் எல்லோருக்கும் பொதுவானது" என்று மேடையில் பேசுகிறவர் சொல்ல வருவதோ மூன்றாவதை. கூர்ந்து பார்த்தால் மூன்றாவது மதச்சார்பின்மையே அல்ல. ஒரு சமயத்தாரின் வீட்டு விழாவுக்கு மற்றவர்கள் விருந்தாளிகளாகப் போவது அது. விருந்தாளி வருகிறார் என்பதற்காக வீட்டுக்காரர் சுவாமிப் படத்தைக் கழற்றி வைப்பதில்லை.

டிசம்பர் 25 வந்த கதை

இயேசு பிறந்த திகதியை விவிலியம் சொல்லவில்லை. டிசம்பர் 25 பற்றிய மிகப் பழைய தெளிவான சான்று 354ஆம் ஆண்டைச் சேர்ந்த உரோமானியத் தொகுப்பு ஒன்றில் கிடைக்கிறது. சூரிய தேவனின் விழா நாளைத் திருச்சபை தனதாக்கிக்கொண்டது என்பது ஒரு விளக்கம். மரியாள் கருவுற்ற நாளாக மார்ச் 25ஐக் கொண்டு ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்பது இன்னொன்று. ஆய்வாளர்களிடையே இரண்டுக்கும் ஆதரவு உண்டு. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6இல்தான் கொண்டாடுகிறது.

ஆகவே "இது ஆதியிலிருந்தே தூய கிறிஸ்தவ விழா" என்பதையும், "இது முழுக்க முழுக்கக் களவாடப்பட்ட வேற்றுச் சமய விழா" என்பதையும் ஒரே அளவு சந்தேகத்தோடு கேட்டுக்கொள்ளலாம். நத்தாரைத் தடை செய்தவர்கள் நாத்திகர்கள் மட்டும் என்றும் நினைத்துவிடக் கூடாது. வடஅமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்தவர்கள் மிகக் கடுமையான கிறிஸ்தவர்கள். வேதத்தில் இல்லாத விழா நமக்கு எதற்கு என்பது அவர்கள் வாதம். 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது. ஸ்கொட்லாந்தில் நத்தார் பொது விடுமுறையானது 1958இல். நாம் இன்று நத்தார் என்றதும் நினைக்கும் பலவும் பின்னால் வந்து ஒட்டியவை: அச்சிட்ட வாழ்த்து அட்டை 1843இல், ஜேர்மன் வழக்கமான மரம் இங்கிலாந்தில் பரவியது விக்டோரியா மகாராணியின் காலத்தில்.

நீதிமன்றம் ஏறிய குடில்கள்

நத்தாரை அமெரிக்கா 1870இல் கூட்டாட்சி விடுமுறையாக்கியது. அரசு எந்தச் சமயத்தையும் நிறுவக் கூடாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு சொல்வதால், நகரசபை செலவில் குடில் வைக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 1984இல், போட்டக்கெட் என்ற சிறு நகரத்தின் வழக்கில், நத்தார் தாத்தாவும் கலைமான்களும் மரமும் சூழ வைக்கப்பட்ட குடிலை அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 1989இல், பிட்ஸ்பர்க் நீதிமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் தனியாக வைக்கப்பட்ட குடிலை அதே நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. பிரான்ஸில் 2016இல் உயர் நிர்வாக நீதிமன்றம், பண்பாட்டு இயல்பு கொண்ட தற்காலிகக் குடில் என்றால் பொதுக் கட்டடத்தில் சில நிபந்தனைகளோடு வைக்கலாம், சமயத்தை அங்கீகரிப்பதாக இருந்தால் கூடாது என்றது.

இந்தத் தீர்ப்புகளில் குடில் பிழைத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். அதைக் காப்பாற்ற, "இது வழிபாட்டுப் பொருள் அல்ல, பருவகால அலங்காரம்" என்று வாதாட வேண்டியிருந்தது. விசுவாசி வழக்கில் வென்று அர்த்தத்தை இழந்தார் என்பேன். எந்த அருட்தந்தையும் தன் கோயில் குடிலைப் பற்றி அப்படிச் சொல்லச் சம்மதிக்க மாட்டார்.

இலங்கைச் சட்டம் வேறு பாதை

இலங்கை அரசியலமைப்பில் சமயத்துக்கும் அரசுக்கும் நடுவே அப்படிப்பட்ட சுவர் கிடையாது. 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்குகிறது. 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதி செய்கிறது. 14ஆம் உறுப்புரை சமயத்தை வழிபாட்டிலும் அனுட்டானத்திலும் வெளிப்படுத்தும் உரிமையைக் குடிமக்களுக்கு அளிக்கிறது. கிறிஸ்தவ சமய அலுவல்களுக்கென்று அரசுத் திணைக்களமே இருக்கிறது. அரச நத்தார் விழாவும் நடக்கிறது. பௌத்தரின் புனித நாட்களான போயா நாட்கள், தைப்பொங்கல், மகா சிவராத்திரி, தீபாவளி, நோன்புப் பெருநாள், மீலாத், பெரிய வெள்ளி, நத்தார் என்று நமது விடுமுறைப் பட்டியல் பெரும்பாலும் பஞ்சாங்கமாகவே இருக்கிறது. சுதந்திர தினமும் மே தினமும்தான் விதிவிலக்கு என்று சொல்லலாம்.

விடுமுறையும் வழிபாடும் ஒன்றல்ல என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. போயா நாட்கள் அந்த இடத்தைப் பிடித்திருந்தன. ஞாயிறு ஆராதனை அதனால் நின்றுவிடவில்லை. அரசு தருவது நாளை மட்டுமே. நாளுக்குள் என்ன இருக்கிறது என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள்.

எண்ணிக்கையும் இங்கே முக்கியம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் நூற்றுக்கு எழுபது பேர் பௌத்தர். கத்தோலிக்கரையும் ஏனைய கிறிஸ்தவரையும் சேர்த்தால் ஏழெட்டுப் பேர். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் இந்துக்கள். தோட்டத்துக் கிறிஸ்தவர் சிறுபான்மை இனத்துக்குள் சிறுபான்மைச் சமயத்தவர். ஐரோப்பாவில் நத்தாரிலிருந்து சமயத்தைக் குறைப்பது, பெரும்பான்மை தன் பிடியைத் தானே தளர்த்துவது. இங்கே அதையே செய்தால், சிறுபான்மையின் அடையாளத்தைப் பெரும்பான்மையும் வணிகமும் சேர்ந்து துடைப்பதாகிவிடும். வெளிநாட்டு வாதங்கள் மலையேறும்போது மூச்சு வாங்குவது இந்த இடத்தில்தான்.

மலைக்கு நத்தார் வந்த வழிகள்

ஆங்கிலேயரோடுதான் மலைநாட்டுக்குக் கிறிஸ்தவம் வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகள் 1687இல் இலங்கைக்கு வந்து, கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், பௌத்த மன்னரின் கண்டி இராச்சியத்தில் பணி செய்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். கண்டியின் கத்தோலிக்க வழிபாடு பௌத்த அரசின் நிழலில் வேர்விட்டது என்பது இன்றைய விவாதங்களில் யாரும் எடுத்துச் சொல்லாத செய்தி.

தோட்டங்களுக்கு நத்தார் இரண்டு வழியாக வந்தது. ஒன்று துரைமாரின், அதாவது ஆங்கிலேயத் தோட்ட அதிகாரிகளின் வழி: பங்களா, கிளப், விருந்து. நுவரெலியாவின் ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. பரிசுத்த திரித்துவ ஆலயம் அதற்கும் முந்தியது. மற்றது தொழிலாளரின் வழி. தமிழகத்திலிருந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் ஏற்கெனவே கத்தோலிக்கர். தங்கள் மாதாவையும் அந்தோனியாரையும் கையோடு கொண்டுவந்தார்கள். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கு உபதேசிமாரை அனுப்பியது. ஆக, மலையகத்தில் விருந்தும் கேளிக்கையுமான நத்தார் குன்றின் மேலும், செபமும் கரோலுமான நத்தார் லயத்திலும் ஒரே காலத்தில் இருந்தன. சமயமா கேளிக்கையா என்ற கேள்வி இங்கே தொடக்கத்திலிருந்தே வர்க்கக் கேள்வியாகவும் இருந்திருக்கிறது.

ஒளிவிழா என்னும் ஏற்பாடு

வெளிநாட்டில் இந்த விவாதம் அதிகம் வெடிக்கும் இடம் பாடசாலை. இங்கே பாடசாலை அதற்கு ஒரு வழியைத் தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

1960, 1961இல் மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. ஆனால் சமயம் பாடசாலையை விட்டுப் போகவில்லை. சாதாரண தரம் வரை சமயம் கட்டாய பாடம். பிள்ளை தன் சமயத்தைப் படிக்கும். இதே அடிப்படையில் விழாக்களும் நடக்கின்றன: நவராத்திரியில் வாணி விழா, முஸ்லிம் மாணவர் இருக்குமிடத்தில் மீலாத் விழா, ஆண்டு இறுதியில் ஒளிவிழா. ஒளிவிழாவில் அருட்தந்தையோ போதகரோ பேசுவார், மெழுகுதிரி ஏற்றப்படும், பிள்ளைகள் கரோல் பாடுவார்கள், மாட்டுத்தொழுவ நாடகம் இருக்கும், கடைசியில் நத்தார் தாத்தா இனிப்போடு வருவார். கிறிஸ்தவப் பிள்ளைகள் குறைவான தோட்டப் பாடசாலையில் மரியாளாக நடிப்பவள் சைவச் சிறுமியாக இருப்பது சாதாரணம். அதே பிள்ளையின் தோட்டத்தில் அந்த வாரம் மார்கழி பஜனை விடியற்காலையில் நடந்துகொண்டிருக்கும். மஸ்கெலியாப் பாதையில் சிவனொளிபாதமலைக்குப் போகும் யாத்திரிகர் பஸ்கள் டிசம்பர் மாத உந்துவப் பூரணையோடு ஓடத் தொடங்கியிருக்கும். ஒரே பாதத்தைப் புத்தருடையது, சிவனுடையது, ஆதாமுடையது, தோமையாருடையது என்று நான்கு விதமாக வணங்கியும் மலையேறும் வரிசை குலையாத பிரதேசம் இது.

இந்த ஏற்பாட்டின் தத்துவம், எல்லாச் சமயங்களையும் வெளியே நிறுத்துவது அல்ல. முறை வைத்து உள்ளே விடுவது. அதன் பலம் அதுதான். அதன் பலவீனம் முறையை யார் தீர்மானிப்பது என்பதில் இருக்கிறது. வாணி விழாவுக்கு மண்டபம் முழுக்க அலங்காரமும் ஒளிவிழாவுக்கு ஒரு பாடவேளை மட்டும் என்றாகலாம். கிறிஸ்தவ அதிபர் வந்ததும் அது புரளலாம். கிறிஸ்தவ சமயத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில், அந்தப் பிள்ளையின் சமயத்துக்கு ஆண்டில் கிடைக்கும் ஒரே பொதுமேடை ஒளிவிழாவாகக்கூட இருக்கலாம். அங்கிருந்தும் குடிலை எடுத்துவிட்டு நத்தார் தாத்தாவை மட்டும் மிச்சம் வைத்தால் அதற்கு என்ன பெயர் சொல்வது?

கடைக்காரரின் டிசம்பர்

இரண்டாவது வகை, அதாவது வழிபாடு நீங்கிய நத்தார், மலையகத்துக்குள் பாடசாலை வழியாக வரவில்லை. கடை வழியாக வருகிறது. நவம்பர் பிறந்ததும் கண்டியின் கடைத்தொகுதிகளில் மரம் ஏறிவிடும். சுப்பர்மார்க்கெட் காசாளர் பெண் எந்தச் சமயத்தவளானாலும் தலையில் சிவப்புத் தொப்பி ஏறிவிடும். அதில் பெரிய குற்றம் இல்லை. பண்டிகை விற்பனை தீபாவளிக்கும் உண்டு, வெசாக்குக்கும் உண்டு.

ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பவர் விசுவாசி. தோட்டத்து இளைஞர்கள் பலர் கொழும்பில் புடவைக் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்கிறார்கள். வியாபாரம் உச்சத்தில் இருக்கும் டிசம்பர் 24 இரவு கடையை மூடி, கணக்கு முடித்து, அட்டன் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் நள்ளிரவுத் திருப்பலி முடிந்துவிடும். வணிக நத்தார் செழிக்க, அதை நம்பிக்கையோடு கொண்டாடுகிறவரின் நத்தாரே பறிபோகிறது. அன்று இரவு ஏழு மணிக்கு யாருக்கு வீட்டுக்குப் போக முடிகிறது என்பது இறையியல் விவாதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பரிசுப் பொதியும் சந்தேகமும்

மலையகத்தில் உரசல் உண்மையில் எழுவது வேறோர் இடத்தில். டிசம்பரில் ஒரு சபையோ தொண்டு அமைப்போ லயங்களுக்கு வந்து பிள்ளைகளுக்குக் கொப்பி, உடுப்பு, உலருணவுப் பொதி கொடுக்கிறது. பொதியோடு ஒரு துண்டுப்பிரசுரமும் ஒரு செபமும் சேர்ந்து வருகின்றன. "மதம் மாற்ற வந்திருக்கிறார்கள்" என்று கோயில் நிர்வாகம் கோபப்படுகிறது. இரண்டு பக்கமும் சட்டத்தைத் துணைக்கு இழுக்கின்றன. சட்டம் சொல்வது இதுதான்:

1. சமயத்தைத் தானே தெரிந்தெடுக்கும், மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் 10ஆம் உறுப்புரையில் எவ்வித வரம்பும் இல்லாமல் இருக்கிறது.

2. பிறருக்குப் பரப்பும் உரிமை அப்படி இல்லை. மென்சிங்கன் அருட்சகோதரிகள் என்ற கத்தோலிக்கத் துறவுச் சபையைச் சட்டபூர்வ அமைப்பாகக் கூட்டிணைக்கும் சட்டமூலம் தொடர்பாக 2003இல் உயர் நீதிமன்றம் அளித்த தீர்மானம், சமயத்தைப் பரப்புவது அரசியலமைப்பு உறுதி செய்த அடிப்படை உரிமை அல்ல என்றது. பொருளுதவியோடு பரப்புரையைக் கலப்பதையும் குறையாகக் கண்டது. 2005இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, அந்தத் தீர்மானம் சகோதரிகளின் சமயச் சுதந்திரத்தை மீறியது என்று கருத்துரைத்தது.

3. பலவந்த மதமாற்றத்தைத் தடுக்கவென்று 2004இல் கொண்டுவரப்பட்ட சட்டமூலம் நிறைவேறவில்லை. ஆகவே "பரிசு கொடுப்பதே குற்றம்" என்று லயத்து வாசலில் நின்று சொல்வதற்கு அப்படியொரு தனிச்சட்டம் இல்லை.

இந்தச் சிக்கலைப் பார்த்து, "பரிசிலிருந்து சமயத்தை நீக்கிவிடுங்கள், நத்தார் தாத்தா போதும்" என்று சிலர் சொல்கிறார்கள். பாதிதான் சரி. குறைந்த நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்திடம் உதவியையும் அழைப்பையும் ஒரே கையால் நீட்டும்போது, மறுக்கும் சுதந்திரம் தாளில் மட்டுமே மிஞ்சுகிறது. பொதி சமய நோக்கமின்றி வரட்டும். ஆராதனைக்கு அழைப்பு வேறொரு நாளில், வெறுங்கையோடு வரட்டும். திருச்சபைகளுக்கும் இதில் நட்டம் இல்லை. கண்டியில் இயேசுசபைத் துறவி போல் கஸ்பஸ் 1972இல் தொடங்கிய சத்தியோதய நிலையம் தோட்டத் தொழிலாளரின் உரிமைகளுக்காகப் பல்லாண்டு உழைத்தது. அந்த உழைப்புக்குக் கைம்மாறாக யாரையும் ஞானஸ்நானத்துக்குக் கேட்டதாகச் சொல்வாரில்லை.

எதைச் செய்தால் என்ன ஆகும்?

1. அரச நிகழ்வுகளில் நத்தாரிலிருந்து மட்டும் சமயத்தை எடுத்தால், வெசாக் தோரணமும் சரஸ்வதி பூசையும் அப்படியே இருக்கும். அதை நடுநிலை என்று யாரும் ஏற்க மாட்டார்கள்.

2. எல்லாச் சமயங்களையும் அரசிலிருந்து எடுப்பது முரண்பாடற்ற நிலைப்பாடு. ஆனால் அதற்கு 9ஆம் உறுப்புரையைத் தொட வேண்டும். பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் வேண்டும். அண்மையில் நடக்கக்கூடிய காரியமாகத் தெரியவில்லை.

3. விழா முழுவதையும் தேவாலயத்துக்குள் சுருக்கினால், லயத்தில் வீட்டுக்கு வீடு போகும் பலகாரத் தட்டு நின்றுபோகும். ஒரே குடும்பத்தில் அண்ணன் சைவர், தம்பி கத்தோலிக்கர் என்பது தோட்டத்தில் புதினமல்ல. அந்த வீட்டில் இந்தச் சுவரை எங்கே எழுப்புவது? 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதிலிருந்து, பெருவிழாக் காலத்தில் ஆலய வாசல்களில் காவலும் பைச் சோதனையும் வந்துவிட்டன. அயலவர் வருவது ஏற்கெனவே கடினமாகிவிட்ட நேரத்தில் கதவை இன்னும் சாத்துவது புத்திசாலித்தனமா?

4. இன்றிருக்கும் முறையையே வைத்துக்கொள்ளலாம்: விசுவாசிக்கு வழிபாடு, அயலவருக்கு விருந்து, அரசுக்கு விடுமுறை. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது, ஒரு நிபந்தனையோடு: எந்தக் கட்டத்திலும் கட்டாயம் இருக்கக் கூடாது. தோட்ட நிர்வாகமோ அதிபரோ முதலாளியோ சொன்னதற்காக ஒருவர் பாட வேண்டிய, செபிக்க வேண்டிய, தொப்பி போட வேண்டிய நிலை வரக் கூடாது.

அந்த நிபந்தனை இந்துப் பிள்ளைக்காக மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. யெகோவாவின் சாட்சிகள் நத்தாரைக் கொண்டாடுவதே இல்லை. வேதத்தில் கட்டளை இல்லை என்று ஒதுங்கும் வேறு சிறிய சபைகளும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒளிவிழாவில் பாட மறுத்தால், "நீ கிறிஸ்தவப் பிள்ளைதானே, பாடு" என்று ஆசிரியர் வற்புறுத்தத் தோன்றும். பாடசாலைகள் பங்கேற்பு விருப்பத்துக்குரியது என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிட்டால், அந்தப் பிள்ளையும் பின்வரிசையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். மரியாளாக நடிக்க ஆசைப்படும் சைவச் சிறுமியின் தாயும் முடிவைத் தானே எடுக்கலாம்.